மருதாயி பிரிச்ச கோட்டு

ரொம்ப ரொம்ப காலத்துக்கு முன்னாடி, மலைங்க இன்னும் நடந்து திரிஞ்சப்போ, பனி விலகாத ஒரு ராஜ்யம். அங்க மருதாயின்னு ஒருத்தி, பழைய கோட்டு வாங்கி விக்கிறவ. ஒருநாள் அவ புருஷன் சடையன், குளிர்வாயன்னு ஒரு மந்திரவாதியை வழியில தெரியாம இடிச்சுட்டான். மந்திரவாதி சும்மா இருப்பானா? சடையனை அவன் வயசுக்கேத்த பழைய கோட்டா மாத்தி, தன் உடம்புக்குத் தக்கன திருத்தி, மாட்டிக்கிட்டான்.

மருதாயி போய் நின்னா. "என் புருஷனைக் குடு."

"நான் திருத்தினதை மட்டும் பிரி, மனுசனாயிடுவான். முதல்லயே இருந்ததுல ஒரு தையல் பிரிஞ்சாலும், சாகுற வரைக்கும் கோட்டுதான்!" மந்திரவாதி கோட்டைக் கழட்டி வீசினான்.

மருதாயி அதைப் புரட்டினா. வெளிய பாக்கல, உள்ளே பாத்தா.

இடுப்புத் தையல். பக்கத்துலயே பழைய ஊசி ஓட்டை வரிசையா இருந்துச்சு. "முன்னாடி தையல் அங்க ஓடியிருக்கு. இது அப்புறம் பிடிச்சது." பிரிச்சா.

"மெதுவாடி! கூசுது!"ன்னுச்சு கோட்டு.

"பேசாம இருய்யா."

பொத்தான். சின்னப் பொத்தான், ஆனா அதைச் சுத்தி வெளுக்காத துணி பெரிய வட்டமா. "முன்னாடி பெருசு இருந்திருக்கு. இது அப்புறம் வச்சது." அறுத்தா.

மிச்சம் நெஞ்சுப் பை. ஒரு பக்கமா சாஞ்சு, ஒரே கோணல்.

"அடடா, எவன் தைச்சான் இதை? அதையும் எடுத்துடு தாயி"ன்னான் மந்திரவாதி, தேனொழுக.

"எடுத்துடு மருதாயி, எனக்கே அசிங்கமா இருக்கு"ன்னுச்சு கோட்டு.

கத்தரி பை வரைக்கும் போச்சு. நின்னுச்சு. மருதாயி பைக்குள்ள விரலை விட்டு, ஓரத்தை விரிச்சு, வெளிய பாக்கல, உள்ளே பாத்தா. கோட்டெல்லாம் வெளுத்துக் கிடக்கு, பைக்கு அடியில மட்டும் துணி கருநீலம். வெயில் ஒருநாளும் படல. நூலும் தோள்ல ஓடுற அதே நூல்.

"இது கூடவே பொறந்தது." கத்தரியைக் கீழ வச்சா.

கோட்டு படார்னு ஒரு தும்மல் போட்டுச்சு. அங்க சடையன் நின்னான். மூஞ்சி நடுவுல மூக்கு, ஒரு பக்கமா சாஞ்சு, ஒரே கோணல்.

தொட்டுப் பாத்தான். "அந்தப் பை இதுவாடி?"

"எடுத்திருந்தா எதால தும்மியிருப்ப?"

கோட்டில்லாத மந்திரவாதி வெடவெடன்னு நடுங்கினான். மறுபடி மந்திரம் போடப் பாத்தான். "ஜ்-ஜ்-ஜீ… ஜ்-ஜ்-ஜீ…" பல்லு தந்தியடிச்சதுல மந்திரம் தூள்தூளாக் கொட்டுச்சு.

சடையனுக்குச் சிரிப்பு முட்டுச்சு. "வீட்டுக்குப் போய்ச் சிரிய்யா"ன்னு மருதாயி இழுத்துக்கிட்டு நடந்தா.

போனாங்க, சிரிச்சாங்க, சுகமா இருந்தாங்க. மந்திரவாதி இன்னும் முதல் எழுத்துலயே நிக்கிறான்.