கிடக்கிற கால்

"எனக்கு வலிக்க மாட்டேங்குது தாயி" என்றார் கொம்பையா.

தாயி முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

மலையடிவாரத்து இல்லம் அது. பனையிலிருந்து விழுந்தவர்கள், லாரி கவிழ்ந்தும் உயிர் தப்பியவர்கள், கிணறு வெட்டும்போது மண் சரிந்து அமுக்கியவர்கள் என்று முதுகுத்தண்டு அடிபட்டவர்களெல்லாம் அங்கே கிடந்தார்கள். தாயி ஒரு காலத்தில் பெரிய கல்லூரியில் நரம்பு வைத்தியம் சொல்லிக் கொடுத்தவள். எதனாலோ அதை விட்டுவிட்டு, வெள்ளைச் சேலையைக் கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டாள். கொம்பையாவின் மகள் வயசுதான் இருக்கும். ஆனாலும் அவளிடம் ஒரு வார்த்தை கேட்டுப் போக எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். பாதிப் பேருக்கு வார்த்தை கிடைக்காது. வெங்காயம் உரிக்கச் சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பிவிடுவாள்.

கொம்பையா தன் கதையைச் சொன்னார். அதிகமில்லை.

கிணற்றுத் தண்ணீரில் பங்குத் தகராறு. தம்பி தளவாய் மோட்டார் போடக் குனிந்தான். இவர் பின்னாலிருந்து குத்தினார். கத்தி முதுகுத்தண்டில் இறங்கியது. ஜெயிலுக்குப் போனார். அடுப்படியில் போட்டார்கள், கொதிக்கிற அண்டாவைத் தூக்கித் தூக்கிக் கை மரத்துப்போனது. வெளியே வந்ததும் நடக்க ஆரம்பித்தார். திருச்செந்தூருக்கு நடந்தார். பழனிக்கு நடந்தார். கும்பிடாத சாமி பாக்கியில்லை.

"நடந்ததுல காலு வெடிச்சு ரத்தம் வந்துது தாயி. அது வலிச்சுது. அவனைக் குத்தினது மட்டும் வலிக்கல. எவனோ எவனையோ குத்தின மாதிரி இருக்கு. இப்படியே செத்துப் போயிருவேனோன்னு பயமா இருக்கு."

"தம்பியைப் பாத்தியளா?"

"இல்ல."

"எங்க இருக்காருன்னு தெரியுமா?"

கொம்பையா தரையைப் பார்த்தார். தெரியும். இதே இல்லத்தில், வடக்குக் கூடத்தில், ஜன்னலோரக் கட்டிலில்.

"அப்ப யாரைப் பாக்க வந்திய?"

"உங்களைத்தான். ஒரு வார்த்தை சொல்லுங்க. எனக்கு அது போதும்."

தாயி கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வெகு நேரம் வரவில்லை. வந்தபோது கையில் தட்டு இல்லை.

"அவர்கிட்ட கேட்டேன். குளிப்பாட்ட வேற ஆளே இல்லையான்னாரு. இல்லன்னேன். சரின்னுட்டாரு."

தம்பியைக் குளிப்பாட்டப்போவது தான்தான் என்று கொம்பையாவுக்கு விளங்கச் சற்று நேரமானது.

நாளைக் காலையில் வெந்நீர் போட வேண்டும், இடுப்புக்குக் கீழே துடைத்துவிட்டு ஊற்ற வேண்டும், முதுகைக் காயவிட வேண்டும், தளவாய் தானாகப் பேசமாட்டார், பழசைப் பேச வைக்கவும் வேண்டாம் என்று வரிசையாகச் சொன்னாள். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கொம்பையா மறுபடியும் கேட்டார்.

"எனக்கு ஒரு வார்த்தை, தாயி."

அவள் அதற்குள் வாசல்படிக்குப் போயிருந்தாள். திரும்பி நின்றாள்.

"கிடக்கிற காலைக் கேட்டுட்டு ஊத்துங்க" என்றாள். போய்விட்டாள்.

கொம்பையா கைகூப்பினார்.


அன்று முழுக்க அந்த வார்த்தையோடே இருந்தார்.

வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார். நடக்கிற கால் ஆசை. கிடக்கிற கால் ஆத்மா. ஊற்றுவது அருள். ஆத்மாவைக் கேட்காமல் அருளைத் தேடி அலைந்தேன் என்கிறாள். அப்படித்தான் இருக்க வேண்டும். வேறு மாதிரியும் வைத்துப் பார்த்தார். எப்படி வைத்தாலும் பொருந்தியது.

லாரி ஓட்டி முதுகொடிந்த மைதீன், சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு பக்கத்தில் வந்தார்.

"என்ன அண்ணாச்சி, வார்த்தை கிடைச்சுதா? இல்ல வெங்காயமா?"

கொம்பையா சிரித்து வைத்தார். உபதேசத்தை வெளியே சொன்னால் வீரியம் போய்விடும் என்று கேள்விப்பட்டிருந்தார். சொல்லவில்லை.


மார்கழி மாசம். விடிந்தும் பனி விலகவில்லை. வாயைத் திறந்தால் புகை. கிணற்று மேட்டிலிருந்தும் புகை. வாளியிலிருந்து எழும்பியது ஆவியா பனியா என்று யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.

கொம்பையா தண்ணீரைக் கையால் பார்த்தார். வெதுவெதுப்பாகத்தான் இருந்தது, அந்தக் கைக்கு.

தளவாயை நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு வந்து விட்டுவிட்டுப் போனார்கள். மெலிந்திருந்தான். தலை நரைத்திருந்தது. அண்ணனைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வலது கால் துணி மாதிரித் தொங்கியது. இடது கால் சும்மா இருக்கவில்லை. பாதத்தைத் தரையில் தட்டிக்கொண்டிருந்தது. அந்தக் காலை ஊன்றித்தான் தினமும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான், இப்போது நாலு எட்டுகூட வைக்கிறான் என்று சமையல்காரி சொல்லியிருந்தாள்.

கொம்பையா கண்ணை மூடி, உபதேசத்தை ஒரு தடவை மனசுக்குள் சொன்னார். பிறகு ஒரு செம்புத் தண்ணீரை மொண்டு இடது காலில் ஊற்றினார்.

விரல்கள் அசைந்தன. தண்ணீருக்குச் சந்தோஷப்படுகிற குழந்தையின் விரல்கள் மாதிரி.

இன்னொரு செம்பு ஊற்றினார். இன்னொன்று. தளவாய் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். முகத்தில் ஒன்றுமில்லை. கொம்பையா துண்டை எடுத்து, கோயில் விக்கிரகத்தைத் துடைப்பதுபோல அந்தக் காலை ஒற்றினார்.

துண்டோடு தோல் வந்தது.

தளவாய் அப்போதுதான் குனிந்து பார்த்தான். யாரோ விட்டுவிட்டுப் போன பொருளைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். விரல்கள் இன்னும் அசைந்துகொண்டிருந்தன.


டவுனிலிருந்து டாக்டர் வந்து கட்டுப் போட்டுவிட்டுப் போனார். முழங்கால் வரைக்கும் வெந்திருக்கிறது என்றார். வலி தெரியாத கால், அதனால் புண் ஆறுவது கஷ்டம் என்றார். ஆறினாலும் ஊன்றி நிற்கிற விஷயத்தை இப்போது பேச வேண்டாம் என்றார்.

கொம்பையா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தாயி முன்னால் வந்து நின்றார்.

"போறியளா?"

"இருந்தா அவனை மிச்சம் வைக்க மாட்டேன்."

"சட்டையைக் கழத்துங்க."

அவர் முழித்தார். அவள் அடுப்படியிலிருந்து ஒரு கரித்துண்டை எடுத்து வந்திருந்தாள். சட்டையைக் கழற்றினார். திரும்பி நிற்கச் சொன்னாள்.

"கத்தி எறங்கின இடத்தைக் காட்டுங்க."

கொம்பையா கையைப் பின்னால் வளைத்தார். மேலிருந்து வளைத்தார், கீழிருந்து வளைத்தார்.

"எட்டல தாயி."

"நான் தொட்டுக்கிட்டே வாரேன். வந்ததும் சொல்லுங்க."

கரி பிடரியில் பட்டது. ஒவ்வொரு எலும்பாக இறங்கியது. தோள்பட்டைகளுக்கு நடுவில் நின்றது. இன்னும் இறங்கியது.

"அங்க" என்றார்.

அவள் அந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். பிறகு கரியை அவர் தலைக்குக் கொண்டுபோனாள்.

"அசைன்னு ஒரு தாக்கல், ஒரு சேதி, தலையில இருந்து கீழ வருது. பிடரியில பக்கம் மாறிருது. வலது காலுக்குப் போறது தண்டுல வலப்பக்கமாவே எறங்கும்." கரி வலது பக்கமாக ஓடியது. புள்ளியைத் தாண்டி இடுப்பில் நின்றது.

"சுடுதுங்கிற தாக்கல் கீழ இருந்து மேல போகுது. இடது காலுல பொறப்பட்டது, தண்டுக்குள்ள நுழைஞ்ச கொஞ்சத்துலயே வலப்பக்கம் தாண்டிரும். அப்புறம் அந்தப் பக்கமாவே ஏறும்." இடது இடுப்பிலிருந்து கரி கிளம்பியது. குறுக்கே தாண்டி மேலே ஏறியது. அதே புள்ளிக்கு வந்து நின்றது.

"ரெண்டும் இங்க பக்கத்துல பக்கத்துல போகுது. உங்க கத்தி வலப்பாதியை மட்டும் அறுத்திருக்கு. அதனால வலது கால் அசையாது. ஆனா சுட்டாத் தெரியும். இடது கால் அசையும். தண்ணி பட்டதுகூடத் தெரியும். சுட்டது தெரியாது."

கொம்பையா திரும்பவில்லை. முதுகைக் காட்டியபடியே நின்றார்.

"அசையுதேன்னு நம்பிட்டேன்."

தாயி கரித்துண்டை விரலில் உருட்டினாள்.

"நீங்க சொன்னதை நாள் பூரா நினைச்சேன். உபதேசம்னு நினைச்சேன்."

"தண்ணி ஊத்துற முறை அது. இங்க எல்லாருக்கும் தெரியும். மைதீனைக் கேட்டாக்கூடச் சொல்லியிருப்பாரு."

"யாரையும் கேக்கல."

"ஆமா" என்றாள் தாயி. "நீங்க யாரையும் கேக்கல."

கரித்துண்டை முற்றத்தில் எறிந்துவிட்டுக் கையைக் கழுவினாள்.

"இப்ப வலிக்குதா அண்ணாச்சி?"

"கை நடுங்குது."

"அதைக் கேக்கல."

அவர் சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டே நின்றார். அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்தாள்.

"நாளைக்கும் அவரைக் குளிப்பாட்ட ஆள் இல்ல" என்றாள்.


மறுநாளும் பனி.

தளவாயைக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இடது கால் தொடை வரைக்கும் கட்டுக்குள் இருந்தது. பலகையில் நீட்டி, மேலே பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தார்கள். தட்டவில்லை.

கொம்பையாவின் முதுகில் கரி அப்படியே இருந்தது. அவர் குளித்திருக்கவில்லை.

வாளியை வைத்தார். கையைத் தண்ணீரில் வைத்துப் பார்க்கவில்லை. தரையில், வலது காலுக்கு முன்னால் உட்கார்ந்தார். அந்தக் குதிகாலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டார். கனத்தது. ஒரு காலுக்கு இவ்வளவு கனம் உண்டென்று அவருக்குத் தெரியாது.

உள்ளங்கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்து முழங்காலுக்குக் கீழே விட்டார்.

கால் அசையவில்லை.

"சுடுதா?" என்று கேட்டார்.

குத்தின நாளுக்கு முன்னாலும் அவர் தம்பியை எதுவும் கேட்டதில்லை. சொல்லித்தான் பழக்கம்.

தளவாய் சுவரைப் பார்த்தபடி இருந்தான். பிறகு வாயைத் திறந்தான்.

"சுடுது."

கொம்பையா எழுந்து போய்ப் பச்சைத் தண்ணீர் கொண்டுவந்து கலந்தார். மறுபடியும் உட்கார்ந்து, காலை மடியில் எடுத்து வைத்து, உள்ளங்கையால் விட்டார்.

"இப்ப?"

"சுடுது."

பாதி வாளியைக் கொட்டிவிட்டுக் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினார். வாளியிலிருந்து எழும்பிய ஆவி நின்றது. ஊற்றினார். கேட்டார்.

"சுடுது."

வாளியை முழுக்கக் கவிழ்த்தார். வெந்நீர் ஒரு சொட்டு இல்லாமல் புதுத் தண்ணீர் இறைத்தார். கயிறு பனியில் நனைந்து கையை அறுத்தது. கொண்டுவந்து வைத்து, விறைத்த விரல்களால் ஒரு கை அள்ளினார். அவருடைய மரத்துப்போன கைக்கே அது ஐஸாக இருந்தது. காலில் விட்டார்.

அந்தக் காலில் மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன.

"தம்பி, இப்ப?"

தளவாய் முதல் தடவையாகத் திரும்பி, அண்ணன் முகத்தைப் பார்த்தான்.

"சுடுது" என்றான்.