எந்தப் புத்தகத்தின்படி போர்?

திருச்சி தென்னூரில் குமுதவல்லியின் மருந்துக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் போர் நடக்கும். கட்டைவிரல் உயர ஈய வீரர்கள், மேசை நிறைய மரத்தூள் புல், ஒரு பகடை. பழைய காலத்துச் சண்டைகளை அங்கே மறுபடி ஆடிப் பார்ப்பார்கள். ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவர் என்பதால், குமுதவல்லியைவிட மூத்தவர்கள்கூட அவரை வாத்தியாரம்மா என்றுதான் கூப்பிடுவார்கள்.

சீடர்களில் ஆத்மநாதன் ஒரு தனி ரகம். ரயில்வேயில் வரைபடம் போட்டு ஓய்வு பெற்றவர். பாளையக்காரர் படை அவருடையது. கும்பினிப் படை அவருடைய நண்பர் தேவசகாயத்துடையது. இரண்டு படையும் தயாராகி வருஷக்கணக்காகிறது. இன்னும் ஒரு குண்டு வெடிக்கவில்லை.

காரணம், விதிப் புத்தகம். குதிரை எவ்வளவு தூரம் ஓடும், பகடையில் எத்தனை விழுந்தால் பீரங்கி சுடும் என்பதை ஒவ்வொரு புத்தகமும் ஒவ்வொரு மாதிரி சொல்லும். ஒன்றில் ஈட்டிக்காரனுக்கு மரியாதை இல்லை என்பார் ஆத்மநாதன். இன்னொன்றில் மழை பெய்தாலும் வெடிமருந்து நனைவதில்லை. புத்தகம் மாறினால் வீரர்களை நிற்கவைக்கும் அடித்தட்டின் அளவும் மாறும். உடனே எல்லோரையும் பெயர்த்தெடுத்துப் புதுத் தட்டில் ஒட்டுவார். ஒட்டி முடிப்பதற்குள் அடுத்த புத்தகம் வந்துவிடும். இப்படிப் பெயர்த்துப் பெயர்த்தே பாதிப் பேருக்குக் கணுக்கால் போய்விட்டது.

ஒவ்வொரு முறையும் கூட உட்கார்ந்து ஒட்டியவர் தேவசகாயம். "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்று ஒரு வார்த்தை சொல்வார், அடுத்த பொம்மையைக் கையில் எடுப்பார். பாளையக்காரர்களுக்கு மீசை வரைந்ததும் அவர்தான்.

இந்த வருஷம் தேவசகாயத்துக்குக் கண் மங்கத் தொடங்கியது. இனி மங்கத்தான் செய்யும், திரும்பாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கேட்ட அன்று ஆத்மநாதனுக்குச் சோறு இறங்கவில்லை. இருந்த எல்லாப் புத்தகங்களையும் பையில் அள்ளிப்போட்டுக்கொண்டு அந்த ஞாயிற்றுக்கிழமை மாடியேறினார்.

"வாத்தியாரம்மா, அவனுக்குக் கண்ணு முழுசாப் போறதுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம் ஆடிடணும். ஒண்ணுதான். அதனால விதி சரியா இருக்கணும். இதுல எது?"

குமுதவல்லி பையை வாங்கிக்கொண்டார். திறக்கவில்லை.

"அவர் எங்க சார்?"

"கீழ, கடை பெஞ்சுல உக்காந்திருக்கான்."

"ஏன் மேல வரல?"

"விதி முடிவானதும் கூப்பிடலாம்னு."

"இப்பவே கூட்டிட்டு வாங்க."

அவர் நண்பரைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தபோது பையைக் காணோம். மாடி அலமாரியில் இருந்த இரண்டு படைகளும் இப்போது மேசைமேல் நின்றிருந்தன. நடுவே நீலத்துணியில் ஓர் ஆறு. பக்கத்தில், குழி குழியாகத் தோண்டிய பித்தளைப் பகடை.

"காலாள் ஒரு சாண். குதிரை ரெண்டு சாண். அடிக்கிறதுக்கு நாலு விழணும், பீரங்கிக்கு ஆறு. வேற சந்தேகம் வந்தா நீங்களே பேசிக்குங்க" என்றார் குமுதவல்லி.

"இது எந்தப் புத்தகத்துல இருக்கு?"

"ஆடுங்க சார்."

தேவசகாயத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் மட்டும் பிரிந்து தெரிந்தன. துணியைத் தொட்டு ஆற்றைக் கண்டுபிடித்தார். பகடையை உருட்டினார்.

"என்ன விழுந்துது?"

"ரெண்டு."

"சரி, உன் முறை" என்று பகடையை விட்டுக்கொடுத்தார்.

மத்தியானம் முழுக்க இப்படியே போனது. ஆற்றங்கரை கைமாறிக்கொண்டே இருந்தது. ஆத்மநாதனுக்குப் புத்தக ஞாபகமே வரவில்லை. கடைசியில் அவருடைய பாளையத் தலைவன், வெள்ளைக் குதிரைமேல் இருப்பவன், கரையில் ஏறி நின்றான். இன்னும் ஒரு முறை தாக்குப்பிடித்தால் வெற்றி.

தேவசகாயம் பீரங்கிக்காகப் பகடையை உருட்டினார். அது ஓடி ஆத்மநாதனின் முழங்கைக்குப் பக்கத்தில் நின்றது. குமுதவல்லி ஜன்னல் பக்கம் திரும்பி, கீழே யாருக்கோ மருந்து விலை சொல்லிக்கொண்டிருந்தார். பகடையைப் பார்த்தவர் ஆத்மநாதன் ஒருவர்தான்.

"என்னடா விழுந்துது?"

ஆத்மநாதன் தலைவனைப் பார்த்தார். பகடையில் தெரிந்த ஆறு குழிகளைப் பார்த்தார்.

"ஆறு."

"நெசமாவா?"

"நெசமாத்தான். என் தலைவன் போயிட்டான்."

தேவசகாயம் சிரித்தார். "பாத்து எடுத்து வை. காலு பத்திரம், நான் ஒட்டின காலு."

 இத்தனை வருஷமாக ஒட்டிக்கொடுத்த கைக்கு ஒரு முறைகூட நன்றி சொன்னதில்லை என்பது ஆத்மநாதனுக்கு அப்போதுதான் உறைத்தது. மேசைக்குக் குறுக்கே எட்டி அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இத்தனை நாளும் என்னோட கிறுக்கைப் பொறுத்துக்கிட்டியேடா. நீ நல்லா இருக்கணும்."

"தோத்ததுல பெனாத்தாத. அடுத்த ஞாயிறு நீ ஜெயிப்ப."

அவரைக் கீழே பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு, பைக்காக ஆத்மநாதன் மறுபடி மாடியேறினார்.

"வாத்தியாரம்மா, நாங்க ஆடினது எந்த விதி? பேரைச் சொல்லுங்க, வாங்கி வெச்சுக்கறேன். இனிமே இதைத் தவிர வேற தொடமாட்டேன்."

குமுதவல்லி பகடையை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தார்.

"கண்ணை மூடிட்டுத் தடவுங்க. எத்தனை?"

ஆத்மநாதன் விரலால் தடவினார். குழிகள் தெளிவாகத் தட்டுப்பட்டன.

"நாலு. நல்லாத் தெரியுதே."

"அவருக்கும் தெரியும் சார். மத்தியானம் பூரா ஒரு தடவையாவது தடவிப் பாத்தாரா?"