பழைய வடிகட்டியின் வளையம்

போடியில் பாண்டீஸ்வரி மேஸ்திரியின் வண்டிப் பட்டறையில் வேலை கற்கச் சேர்ந்தபோது சுருளிவேலுக்கு ஐம்பத்திரண்டு வயது. மேஸ்திரிக்கு முப்பத்தாறு. இருபத்தாறு வருஷம் மலைக்கு ஜீப் ஓட்டிய மனிதர் சுருளிவேல். இடது முழங்கால் கிளட்ச்சை மிதிக்க மறுத்ததும், ஓட்டியது போதும், இனிப் பிரித்துப் பார்ப்போம் என்று வந்துவிட்டார். ஊரில் சிரித்தார்கள். போயும் போயும் ஒரு பொம்பளையிடமா என்று கேட்டவர்களும் உண்டு. அப்படிக் கேட்டவர்களின் வண்டி நின்றுபோனாலும் தள்ளிக்கொண்டு அங்கேதான் வந்தார்கள்.

சுருளிவேலுக்கு மேஸ்திரி மேல் அளவில்லாத மதிப்பு. தெருமுனையில் வண்டி திரும்பும் சத்தத்தை வைத்தே என்ன கோளாறு என்று சொல்கிற ஆளை அவர் மலையிலும் கண்டதில்லை, சமவெளியிலும் கண்டதில்லை. ஆனால் மனதில் ஒரு குடைச்சல் இருந்தது. இரண்டு வருஷமாக அதையே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எனக்கு வேலை வந்துருச்சான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது, மேஸ்திரி?"

"வந்தாத் தெரியும்ணே."

"யாருக்கு?"

மேஸ்திரி ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

ஒரு வியாழக்கிழமை காலை, ஏலக்காய்த் தோட்டக்காரர் கோவர்த்தனன் தன் பிக்கப்பைக் கொண்டுவந்து நிறுத்தினார். கிளட்ச் இல்லாமல் தானாகக் கியர் மாறுகிற வண்டி.

"கியர் ஆயிலையும் வடிகட்டியையும் மாத்தணும். பதினோரு மணிக்கு ஆளுங்களை ஏத்திக்கிட்டு மேல போகணும்" என்றார். தோட்ட வேலைக்குப் போகும் மூன்று பெண்கள் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தி மடியில் கைக்குழந்தை.

மேஸ்திரி ஒரு லாரி எஞ்சினுக்குள் முழங்கை வரை கையை விட்டிருந்தார். தலையை மட்டும் திருப்பினார்.

"அண்ணே, நீங்க பாருங்க. முடிச்சதும் நீங்களே வண்டியைக் குடுத்துருங்க."

சுருளிவேலுக்குத் தலைகால் புரியவில்லை. அவர் முடித்த வேலையை மேஸ்திரி அடியில் படுத்துத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வண்டியும் அதுவரை வெளியே போனதில்லை.

பார்த்துப் பார்த்துச் செய்தார். வண்டியைக் குழியின் மேல் ஏற்றி, கியர் பெட்டியின் அடிச்சட்டியைக் கழற்றினார். பழைய ஆயில் காப்பி டிக்காஷன் நிறத்தில் இறங்கியது. எவ்வளவு இறங்கியதோ அவ்வளவுதான் ஏற்ற வேண்டும் என்பது மேஸ்திரியின் சட்டம், அதனால் அளந்து பிடித்துத் தொட்டியில் ஊற்றினார். சட்டியின் காந்தத்தில் ஒட்டியிருந்த சாம்பல் நிற மசியை விரலில் தேய்த்துப் பார்த்தார். மாவு மாதிரி இருந்தது, துண்டு துணுக்கு இல்லை. சட்டியைத் துவைத்த பழைய வேட்டியால் துடைத்தார். மற்ற பட்டறைகளில் நூல் பிரியும் பனியன் வேஸ்ட்டால் துடைப்பார்கள். ஒரு நூல் உள்ளே போனாலும் கியர் தடுமாறும் என்று மேஸ்திரி அதைக் கிட்டவே விடமாட்டார். பழைய வடிகட்டியை இழுத்து எடுத்துத் தட்டில் போட்டார்; அதோடு கொட்டிய ஆயிலையும் அளந்து தொட்டியில் ஊற்றினார். புதியதை அதன் ரப்பர் வளையத்தோடு கியர் பெட்டியின் துளையில் அழுத்தினார். சட்டியை மாட்டி, புது ஆயிலை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டு எல்லாக் கியரையும் ஒரு சுற்று மாற்றினார். கடைவீதி வரை ஓட்டியும் வந்தார். வண்டி வெண்ணெயாகப் போனது.

"சுருளி, கை தேறிருச்சுய்யா!" என்றார் கோவர்த்தனன். சுருளிவேலுக்குக் கொம்பு முளைக்காத குறைதான்.

பெண்கள் வண்டியில் ஏறினார்கள். குழந்தைக்காரி ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"மேடு நல்லா ஏறுமாண்ணே?"

சும்மா கேட்ட கேள்விதான். 'ஏறும்மா' என்று சொல்ல வாயைத் திறந்தவர், கண் தட்டின் பக்கம் போனதும் அப்படியே நின்றுவிட்டார். பழைய வடிகட்டி அங்கே கிடந்தது. அதன் கழுத்து மொட்டையாக இருந்தது. ரப்பர் வளையத்தைக் காணோம்.

வளையம் சில நேரம் மேலே துளையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். கவனிக்காமல் அதன் மேல் புதியதை ஏற்றினால் வடிகட்டி சரியாக உட்காராது. சமதரையில் ஒன்றும் தெரியாது. மேட்டில் ஆயில் ஒரு பக்கமாகச் சாயும்போது காற்றை உறிஞ்சும், கியர் கைவிட்டுவிடும். மலைப் பாதையில் கொண்டை ஊசி வளைவில், ஆளோடு பின்னால் உருண்ட வண்டியைச் சுருளிவேல் தன் கண்ணால் பார்த்தவர்.

பிக்கப் வாசலைத் தாண்டப் போனது. ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் போதும். இரண்டு வருஷம் ஏங்கிய பேர் இப்போதுதான் கிடைத்திருக்கிறது. ஒருவேளை வளையம் வேறெங்காவது விழுந்திருக்கலாம். நொண்டிக்கொண்டே ஓடிப்போய்ப் பானட்டில் அறைந்தார்.

"நிறுத்துங்க! எறங்குங்க எல்லாரும்!"

கோவர்த்தனனுக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இப்பத்தானய்யா ஓட்டிப் பாத்த?"

"பழைய வளையம் உள்ள நின்னுருச்சோன்னு இருக்குங்க. பிரிச்சுப் பாக்கணும்."

"ஓட்டினாத் தெரிஞ்சுட்டுப் போகுது. கோளாறுன்னா திரும்பி வர்றேன்."

"வளைவுல தெரிஞ்சா எப்படிங்க திரும்புவீங்க?"

மேஸ்திரி கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"உள்ள இருக்காண்ணே, இல்லையா?"

"தெரியல, மேஸ்திரி. எடுத்ததாக் கைக்கு ஞாபகம் இல்ல."

மேஸ்திரி எஞ்சினை அணைத்தார். சாவியைச் சுருளிவேலிடம் கொடுத்தார்.

"பிரிக்கிறதுன்னா நீ பிரிம்மா. மறுபடியும் இந்தாளா?" என்றார் கோவர்த்தனன்.

"அண்ணன் போட்டதை அண்ணன்தான் பிரிக்கணும்."

மேஸ்திரி தன் லாரி எஞ்சினை அப்படியே போட்டுவிட்டு, குழிக்குள் இறங்கி டார்ச்சைப் பிடித்தார். அந்தக் கை அசையவே இல்லை. திட்டியிருந்தால்கூடச் சுருளிவேலுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆயில் இப்போது கொதித்தது. சட்டி இறங்கும்போது முன்கையில் பட்டுத் தோல் சிவந்தது. சுத்தமான கேனில் ஆயிலைப் பிடித்துவைத்துவிட்டு வடிகட்டியை இழுத்தார். டார்ச் வெளிச்சத்தில் துளை பளிச்சென்று தெரிந்தது. விரலை விட்டுச் சுற்றிப் பார்த்தார். இன்னொரு தடவையும் சுற்றினார்.

"என்னய்யா?" என்றது மேலேயிருந்து கோவர்த்தனனின் குரல்.

"இல்லைங்க."

"என்ன இல்ல?"

"உள்ள ஒண்ணும் இல்லைங்க. சரியாத்தான் போட்டிருக்கு."

குழியை விட்டு ஏறி, பழைய ஆயில் தொட்டிக்குள் கையை விட்டுத் துழாவினார். அடியில் வளையம் அகப்பட்டது. வடிகட்டியை இழுத்தபோதே கழன்று விழுந்திருக்கிறது. டீக்கடையில் யாரோ சிரித்தார்கள். சுருளிவேல் முகத்தில் ஈயாடவில்லை.

மேஸ்திரி சட்டிக்குப் புதுப் பேக்கிங் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். சுருளிவேல் எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, பிடித்துவைத்த ஆயிலை ஏற்றி, மறுபடியும் கடைவீதி வரை ஓட்டிவிட்டு வரும்போது மணி பன்னிரண்டரை.

"ஒண்ணுமில்லாததுக்கு ஒன்றரை மணி நேரம்!" என்றார் கோவர்த்தனன். "இனிமே இந்தாளு என் வண்டியைத் தொடக்கூடாது, சொல்லிட்டேன்."

சுருளிவேல் தலையை ஆட்டினார். பெண்கள் ஏறியதும் ஜன்னலருகே போனார்.

"மேடு ஏறும்மா. பயப்படாமப் போங்க."

வண்டி மலைப் பக்கம் திரும்பி மறைந்தது. மேஸ்திரி தேங்காய் எண்ணெய்க் குப்பியை எடுத்துவந்து அவர் முன்கையில் தடவினார்.

"இல்லாத தப்பைத் தேடி உங்க பேரைக் கெடுத்துட்டேன், மேஸ்திரி" என்றார் சுருளிவேல். "எனக்கு வேலை வரல."

மேஸ்திரி குப்பியை மூடினார்.

"எங்க வீட்டுக்காரர் ஓட்டுற பிக்கப்ப இன்னைக்கு வரைக்கும் என்னைத் தவிர யாரும் தொட்டதில்லைண்ணே. ஞாயித்துக்கிழமை பிள்ளைகளை ஏத்திக்கிட்டு மலைக்குப் போறாரு. சனிக்கிழமை கொண்டாரச் சொல்றேன், நீங்க பாருங்க."