ஆவுளியா பேச்சை விட்ட கதை

அந்தக் காலத்தில் கடலில் இருந்தவையும் கரையில் இருந்தவையும் ஒரே பேச்சைத்தான் பேசின. நண்டுகள் வளை எல்லைக்கு வழக்காடும். கடல் காகங்கள் ஊர் வம்பை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும். ஆனால் பேச்சில் பதமானவள் ஆவுளியாதான். கடல்பசு என்றும் அவளைச் சொல்வார்கள். உடம்பு பெரிது, குணம் சாது. கடலடியில் முளைக்கும் புல்லை மேய்வாள், கன்று போட்டுப் பால் கொடுப்பாள், மூச்சு வாங்க மட்டும் மேலே வருவாள். வந்தவள் உடனே போகமாட்டாள். இடுப்பளவு தண்ணீரில் பாசி எடுக்கும் பெண்களோடு நின்று நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் போவாள்.

சிப்பிவலசை என்ற கடற்கரைச் சிற்றூரில் சீனியம்மாள் என்று ஒருத்தி இருந்தாள். முங்கிப் பாசி எடுப்பதில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளும் ஓர் ஆவுளியாவும் ஒரே மாதத்தில் பிள்ளை பெற்றார்கள். இவளுக்குப் பெண், அவளுக்கு ஆண் கன்று. அதிலிருந்து ஒருவரையொருவர் "மதினி" என்று அழைத்துக்கொண்டார்கள். கன்று தாயின் துடுப்புக்கு அடியில் முட்டிமுட்டிப் பால் குடிக்கும்போது சீனியம்மாளுக்கும் மார் கனக்கும். வேலையைப் போட்டுவிட்டுக் கரைக்கு ஓடுவாள். ஆவுளியா சிரிப்பாள்.

அந்த ஊரில் ஒரு பழக்கம் இருந்தது. பிய்ந்த கயிறு, உடைந்த பானை, நைந்த பாய், எது ஆகாமல் போனாலும் கடலில் போட்டுவிடுவார்கள். கடல்தான் எதையும் விழுங்கிவிடுமே!

ஒருநாள் ஆவுளியா மெதுவாகச் சொன்னாள். "மதினி, தப்பா நெனைக்காதீங்க. நீங்க போடுறதெல்லாம் புல்லு மேல வந்து படுத்துக்கிடுது. மேயுறப்ப வாயில சிக்குது. கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோகச் சொல்லி நம்ம பொம்பளைககிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"இம்புட்டுக் கடலுக்கு அது எம்மாத்திரம் மதினி? ரெண்டு அலை அடிச்சா போயிரும்" என்றாள் சீனியம்மாள்.

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஆவுளியா மேயப் போனாள்.

வாடைக்காற்று தொடங்கிய சமயம். சீனியம்மாளின் பாசிப் பை அடியில் கிழிந்துபோனது. சணல் கயிற்றில் வலையாகப் பின்னிய பை அது. யார் பை என்று தெரிவதற்காக ஒவ்வொருத்தியும் தன் பழைய சேலையிலிருந்து ஒரு துண்டைக் கிழித்துப் பையின் வாயில் முடிந்திருப்பாள். சீனியம்மாளுடையது மஞ்சளில் சிவப்புக் கோடு போட்ட துணி. அன்று அவள் கணவன் கருமலையான் பின்னிக் கொடுத்த புதுப் பையும் கையில் இருந்தது, அதில் பாசியும் நிறைந்திருந்தது. தண்ணீர் குடித்த பழைய பை கல்லாய்க் கனத்தது. இதையும் யார் சுமப்பது என்று நின்ற இடத்திலேயே கைவிட்டாள். அது மெல்ல அமிழ்ந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டு நாள் கழித்து, உச்சிவெயில் நேரம், கரையோரத்தில் ஆவுளியாவின் அலறல் கேட்டது.

"மதினி! ஓடியாங்க மதினி! புள்ள மேல வரமாட்டேங்குறான். என்னத்தையோ மாட்டிக்கிட்டான். எனக்குக் கை இல்லையே மதினி!"

சீனியம்மாள் கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு பாய்ந்தாள். ஆவுளியா அவளை முதுகில் ஏற்றிக்கொண்டு பறந்தாள். ஆவுளியா மூச்சு வாங்க மேலே நிற்க, போன வேகத்திலேயே சீனியம்மாள் முங்கினாள்.

புல்வெளிக்கு நடுவே கன்று கிடந்தது. ஒரு வலைப்பை அதன் தலையை மூடித் துடுப்பு வரைக்கும் இறுக்கியிருந்தது. பையின் கயிறு பவளப் பாறையில் சுற்றியிருந்தது. பையின் வாயில் ஒரு துணி ஆடியது. மஞ்சள் துணி. சிவப்புக் கோடு.

அந்த ஒரு நொடியில் அவள் செய்ததுதான் இந்தக் கதை. அவள் கத்தி முதலில் அறுத்தது கயிற்றை அல்ல, துணியை. முடிச்சு உப்பில் இறுகியிருந்ததால் இரண்டு மூன்று முறை இழுத்து அறுக்க வேண்டியிருந்தது. அறுத்ததை இடுப்பில் செருகினாள். அதன்பிறகுதான் கயிற்றில் கத்தியை வைத்தாள்.

கன்று மேலே வந்தது. மூச்சு வரவில்லை.

ஆவுளியா அதை மூக்கால் தூக்கித்தூக்கிக் காற்றில் பிடித்தாள். "விடுய்யா, மூச்சு விடு. அம்மா இருக்கேன்ல" என்றாள். வெகுநேரம் சொல்லிக்கொண்டே இருந்தாள். சீனியம்மாள் பக்கத்தில் நீந்தியபடி நின்றாள். ஒரு கை இடுப்பில் செருகிய துணியை அமுக்கியிருந்தது.

கடைசியில், கன்றின் துடுப்பில் தொங்கிய பையைப் பார்த்து ஆவுளியா கேட்டாள். "யாரு பை மதினி இது? உங்களுக்குத்தான் எல்லார் துணியும் தெரியுமே."

"துணி ஒண்ணும் இல்லையே மதினி. வெளியூர்ப் பையா இருக்கும்."

"அதானே. நம்ம ஊரு பொம்பளைக இப்படிச் செய்ய மாட்டாங்க." ஆவுளியா தன் ஈர மூக்கை அவள் தோளில் வைத்தாள். "நீங்க வரலைன்னா எம்புள்ள முகத்தைக்கூடப் பாத்திருக்க மாட்டேன்."

ஊருக்குள் செய்தி பரவியது. கன்றுக்காகக் கத்தியோடு முங்கியவள் என்று சீனியம்மாளைப் புகழ்ந்தார்கள். ஒருத்தி மீன் குழம்பு கொண்டுவந்தாள். சீனியம்மாள் அதை வாயில் வைக்கவில்லை. மகளுக்குப் பால் கொடுக்க உட்கார்ந்தாலும் குழந்தையின் கண்ணைப் பார்க்க முடியவில்லை. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். கயிற்றை முதலில் அறுத்திருந்தால் பிழைத்திருக்குமோ? இரண்டு மூச்சு நேரம் இருந்திருக்குமோ? கேட்டால் சொல்ல யாருமில்லை. கணவன் என்னவென்று கேட்டான். தலைவலி என்றாள். துணியை எறியவும் மனம் வரவில்லை, வைத்திருக்கவும் முடியவில்லை.

கன்று செத்த பதின்மூன்றாம் நாள் ஆவுளியா வந்தாள். கரை முழுக்கப் பெண்கள் பாசி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். அவள் உடம்பு வற்றியிருந்தது.

"நாலு ஊருக்குப் போய்க் கேட்டேன் மதினி" என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. "எங்க பை இல்லைன்னு எல்லாரும் சொல்லிட்டாங்க. ஒரு ஊருல கல்லை விட்டு எறிஞ்சாங்க. போகட்டும். நான் அதுக்கு வரல. உங்க மக வளந்து தண்ணிக்குள்ள எறங்குறப்ப, அவளுக்கு என் முதுகு இருக்கு. எம்புள்ளைக்காக நீங்க முங்குனீங்கள்ல, அதைச் சொல்லத்தான் வந்தேன்."

சீனியம்மாள் கையிலிருந்த பாசியைக் கீழே போட்டாள். தண்ணீருக்குள் முழங்கால் வரை நடந்து போனாள். இடுப்பிலிருந்து அந்தத் துணியை எடுத்து நீட்டினாள்.

"என் பைதான் மதினி."

ஆவுளியா துணியைப் பார்த்தாள்.

"நான்தான் போட்டேன். சுமக்கச் சோம்பிப் போட்டேன். அன்னைக்குக் கீழ…" துணியின் அறுபட்ட ஓரத்தைக் காட்டினாள். "கீழ முதல்ல இதைத்தான் அறுத்தேன். புள்ளையை இறுக்குன கயித்தை அப்புறந்தான் அறுத்தேன்."

ஆவுளியா வாயைத் திறந்தாள். என்ன சொல்ல வந்தாளோ, சொல்லவில்லை. திறந்த வாய் அப்படியே மூடியது. ஒரு மூச்சு வாங்கினாள். பிறகு, அலைகூட எழும்பாமல் அமிழ்ந்து போனாள்.

கரையில் நின்ற பெண்கள் யாரும் சீனியம்மாளை ஏசவில்லை. ஏசியிருந்தால் தேவலை. ஒருத்தி குனிந்து, உலர்ந்த பாசியையே மறுபடி உலர்த்தினாள். இன்னொருத்தி முந்தானையை இழுத்து முகத்தைத் துடைத்தாள். தன் கை எத்தனை முறை கடலில் எறிந்தது என்று அவரவருக்குத் தெரியும்.

மறுநாள் சீனியம்மாள் பாசிக்குப் போகவில்லை. புல்வெளிக்கு முங்கினாள். கிடந்ததையெல்லாம் அள்ளிவந்து மணலில் வைத்தாள். கயிறு, பாய், பானை ஓடு, கிழிந்த பைகள். பைகளில் பச்சைத் துணி, நீலத் துணி, புள்ளி போட்ட துணி. யாருடையது என்று அவள் ஒருவரையும் கேட்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி இறங்கினாள். பொழுது சாயும்போது பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல், தத்தம் துணி முடிந்த பையை எடுத்துக்கொண்டு போனார்கள். அடுத்த நாள் அவளோடு மூன்று பேர் இறங்கினார்கள். அதற்கடுத்த நாள் ஊரே இறங்கியது.

தூரத்தில் நீர் குமிழியிட்டு ஒரு மூக்கு எழும்பும்போதெல்லாம் சீனியம்மாள் "மதினி!" என்று கூப்பிடுவாள். தலை நரைத்துத் தண்ணீரில் இறங்க முடியாமல் போன பிறகும், கரையில் நின்று கூப்பிட்டாள். பதில் வரவே இல்லை.

அன்று முதல்தான் ஆவுளியா இனத்துக்கே பேச்சு இல்லாமல் போனது. மனித வாடை பட்டால் ஒரு மூச்சை மட்டும் வாங்கிக்கொண்டு அமிழ்ந்துவிடுகிறது. அன்று முதல்தான் சிப்பிவலசைப் பெண்கள், பாசி கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், கடலில் கிடந்த ஒரு குப்பையாவது கையில் இல்லாமல் கரையேறுவதில்லை. நல்ல காரியம் செய்கிறீர்கள் என்று யாராவது மெச்சினால், தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்துவிடுவார்கள்.