தருமமதி குடித்த தண்ணீர்

கேளுங்கள், ராஜாக்கள் சண்டை போட, குடிகள் செத்துக்கொண்டிருந்த காலம் அது. வெண்குன்றூர்க் கோட்டையை எதிரிப்படை மாதக்கணக்கில் முற்றுகையிட்டிருந்தது.

அந்த ஊரில் சமணர்களுக்கு ஒரே ஒரு தெரு. அங்கே தருமமதி என்பவள் இரண்டு பெண்குழந்தைகளோடு இருந்தாள். மதிலுக்குக் கல் சுமக்கப் போன கணவன் எதிரியின் அம்பு பட்டு இறந்துபோனான்.

சமணர்கள் தண்ணீரைத் துணியில் வடிகட்டித்தான் குடிப்பார்கள். துணியில் தங்கிய புழு பூச்சியும் பிழைக்கட்டும் என்று, அதை அலசிய நீரை அதே ஊர்க் கிணற்றில் மெல்ல இறக்கிவிடுவார்கள். காலம் காலமாக ஊரே பார்த்த வழக்கம்தான்.

கோடையில் கிணற்று நீர் அடிமட்டத்துக்கு இறங்கியது, ஊரில் வாந்திபேதி கண்டது. பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களுக்கு யார்மேலாவது பழி போட வேண்டியிருந்தது. எதிரி மதிலுக்கு வெளியே, கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தான். தருமமதி கிணற்றடியில் இருந்தாள்.

அவள் விஷம் ஊற்றுகிறாள் என்றார்கள். உண்மையானால் அந்தத் தெருவையே கோட்டைக்கு வெளியே தள்ளுவது என்று முடிவாயிற்று. கோட்டைத் தலைவன் வல்லரையன் விசாரிக்க வந்தான்.

முதலில் அவள் வழக்கத்தை எடுத்துச் சொன்னாள். ஊரே சாகிறபோது புழுவுக்கு இரக்கமா என்று சிரித்தார்கள். அடுத்து, வடிகட்டிய நீரைக் குடித்துக் காட்டினாள். விஷம் துணியோடு போயிற்று என்றார்கள். அப்படியானால் வடிகட்டாமல் குடி என்றார்கள்.

பிறந்ததிலிருந்து காத்த நோன்பு அது. குழந்தைகளைப் பார்த்தாள். "அருகனே, பொறுத்துக்கொள்" என்று அழுதபடி ஒரு செம்பு நீரைக் குடித்தாள். பொழுது சாயும்வரை அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"மாற்று மருந்து தெரியாமலா குடிப்பாள்?" என்றான் கூட்டத்தில் ஒருவன். அவள் கணவனோடு கல் சுமந்தவன்தான்.

வல்லரையன் அவள் பக்கம் குனிந்து, "உன்மேல் குற்றமில்லை என்று எனக்குத் தெரியும் அம்மா. ஊர் கேட்காது" என்றான்.

"வெளியே இருப்பவனுக்கு நாங்கள் இந்த ஊர்க்காரர்கள், ஐயா. உங்களுக்கு நாங்கள் யார்?" என்று கேட்டாள்.

அவன் கோட்டைக் கதவைத் திறக்கச் சொன்னான். கதவு திறந்தது. தெரு முழுவதும் வெளியே போனது, கதவு மூடியது. அவர்களை எதிரி என்ன செய்தான் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஊருக்குள் வாந்திபேதி நிற்கவில்லை. மறுவாரம் ஊரார் வேறொரு தெருவைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்கள்.

ஆகவே தெரிந்துகொள்ளுங்கள்: பயம் பிடித்த ஊரில் சிறுபான்மையாக இருப்பவரை எந்தச் சான்றும் காப்பாற்றாது, உண்மை தெரிந்தவன் வாய் திறந்தால்தான் உண்டு.