முற்று எங்கே?

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்தொன்று, சீடருக்கு ஐம்பது. கதைகளின் வழக்கம் வேறு மாதிரி என்பது தெரியும். ஆனால் நடந்தது இப்படித்தான்.

சீடர் மாசிலாமணி, மேல்நிலைப்பள்ளித் தமிழாசிரியர். அவருடைய மகள் நன்முல்லைக்குப் பதினொரு வயதில் ரத்தப் புற்றுநோய் வந்தது. கடுமையான மருந்துகளின் கட்டம் தாண்டிவிட்டது. பரிசோதனை முடிவுகளும் நல்லபடியாக வந்துகொண்டிருந்தன. கால்கள் மட்டும் துவண்டு கிடந்தன.

குரு, அவளைச் சேர்த்திருந்த மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் பிசியோதெரபிஸ்ட். பெயர் மெஹர்நிஷா. ஒரு காலத்தில் மாசிலாமணியிடம் பத்தாம் வகுப்புத் தமிழ் படித்தவள். இலக்கணம் ஏறாத மண்டை என்பது அன்றைக்கு அவர் வழங்கிய தீர்ப்பு.

மெஹர்நிஷா தினமும் வந்து முல்லையை எழுப்பி வராந்தாவில் நடக்க வைப்பாள். மாசிலாமணி பின்னாலேயே போவார். மகள் ஓர் அடி வைப்பாள்.

"பாத்து" என்பார்.

அவள் நின்றுவிடுவாள். இன்னோர் அடி.

"பாத்து, பாத்து!"

மறுபடியும் நிற்பாள்.

"எதைப்பா பாக்கணும்?" என்று ஒருநாள் கேட்டாள் முல்லை. அவள் திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டாள். மறுநாள் எழுப்பியபோது போர்வையை இழுத்து மூடிக்கொண்டாள்.

"நான் வரல. விழுந்துருவேன்."

மாசிலாமணி மெஹர்நிஷாவை வராந்தாவில் மடக்கினார்.

"ஏம்மா, பிள்ளை உடம்புல இத்தனை மருந்து ஓடியிருக்கு. படுத்து ஓய்வெடுக்க வேண்டியவளை எதுக்குப் பயிற்சி, பயிற்சின்னு பாடாப் படுத்துற?"

"காய்ச்சல் அடிச்சாலோ ரத்த அணு குறைஞ்சாலோ டாக்டர் வேண்டாம்பாங்க. அன்னிக்கு நானே போத்திப் படுக்க வெச்சுருவேன், ஐயா. மத்த நாள்லயும் படுத்தே கிடந்தா, மருந்து மிச்சம் வெச்ச தெம்பும் போயிரும்."

"விழுந்துட்டா?"

"நீங்க அந்தக் கோடி வரைக்கும் நடங்க, ஐயா."

"நானா?"

"சும்மா நடங்க."

நடந்தார்.

"பாத்து, ஐயா."

குனிந்து பார்த்தார். தரை தரையாகத்தான் இருந்தது.

"பாத்து."

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

"பாத்து, பாத்து!"

அதுவரை ஒழுங்காக நடந்த மனிதர் செருப்பு தடுக்கிச் சுவரைப் பிடித்தார். திறந்திருந்த கதவு வழியே கட்டிலிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மகள் சிரித்துப் பல மாதமாகியிருந்தது.

"வாயை மூடு, மெஹர்! நீ பேசாம இருந்தா நான் நல்லாத்தான் நடப்பேன்!"

"சரிங்கய்யா. ஒரு இலக்கணச் சந்தேகம். 'பார்த்து' என்ன சொல்?"

கேள்வி என்று வந்துவிட்டால் ஆசிரியரின் நாக்கு சும்மா இருக்காது.

"வினையெச்சம். தனியா நிக்காது. பின்னால ஒரு வினைமுற்று வந்தாத்தான் பொருள் முடியும். பார்த்துப் படித்தான், பார்த்து எழுதினாள். அப்பவே தலைதலையா அடிச்சுக்கிட்டேனே!"

"இப்ப ஏறிடுச்சு, ஐயா. முல்லைகிட்ட எச்சத்தை மட்டும் சொல்லிட்டே இருக்கீங்களே. முற்று எங்கே?"

மாசிலாமணி மகளின் அறைப் பக்கம் திரும்பினார்.

உள்ளே கட்டில் கிரீச்சிட்டது. முல்லை சுவரைப் பிடித்தபடி தானாகவே வாசலுக்கு வந்துவிட்டாள். பிடியை விட்டாள். ஓர் அடி வைத்தாள்.

"பாத்து..."

பழக்க தோஷம். வார்த்தை அவரை மீறி விழுந்துவிட்டது. அடுத்த அடிக்குத் தூக்கிய கால் அப்படியே நிற்க, முல்லை அப்பாவின் வாயைப் பார்த்தாள்.

அவருக்கு வியர்த்தது. நில் என்பதா, நட என்பதா? தன் பழைய மாணவியிடம் கிசுகிசுத்தார்.

"என்ன முற்றும்மா போடணும்? நீயே சொல்லு."

"எச்சம் உங்களோடது, ஐயா. முற்று அவளோடது."

மாசிலாமணி பேசவில்லை. தூக்கிய காலை முல்லை முன்னால் வைத்தாள்.