பேச்சியம்மாளின் முழங்கால்

கபடியில் பேச்சியம்மாள் பாடிப் போனால் எதிரணி கோடு வரைக்கும் ஒதுங்கும். அப்படி அவள் பாய்கிற படத்தை ஒரு தேயிலைக் கம்பெனி விளம்பரத்துக்காகத் தன் பொட்டலத்தில் போட்டது. அதற்கான பணம் கல்லூரி வழியாகக் கைக்கு வந்தால் முழங்காலுக்கு ஆபரேஷன் செய்யலாம் என்றிருந்தாள். கல்லூரிக்காக ஆடித்தான் மூட்டு ஜவ்வு கிழிந்திருந்தது.

கல்லூரித் தாளாளர் ஆவுடையப்பன் விடவில்லை. அணியில் இருப்பவள் விளம்பரத்தில் வந்தது விதிமீறல், விசாரணை என்று மாதக்கணக்கில் பணத்தை நிறுத்தி வைத்து, ஒருநாள் கமிட்டி முன்னால் அவளைக் கூப்பிட்டார்.

“எங்க அணியில இருக்கிற வரைக்கும் உச்சி முதல் உள்ளங்கால் வரை நீ கல்லூரிச் சொத்து. அந்தப் பணம் கல்லூரிக்குத்தான்.”

“சரிங்கய்யா, எடுத்துக்கிடுங்க” என்று நொண்டிக்கொண்டே முன்னால் வந்தாள். “உங்க சொத்துல ஒண்ணு கிழிஞ்சு கெடக்கு. அதையும் தச்சுக் குடுத்திருங்க.”

“அதெப்படி? கால் உன்னோடது. நீதான் பாத்துக்கணும்.”

“கால் என்னோடதுன்னா, முகம் மட்டும் எப்படிய்யா உங்களோடதாச்சு? ரெண்டையும் எங்கம்மாதான பெத்தா.”

கமிட்டிக்காரர்கள் குனிந்துகொண்டு சிரித்தார்கள். தாளாளர் பணத்தை விடச் சொன்னார்.

டாக்டர் காலைத் தொட்டுப் பார்த்துவிட்டு, “முன்னமே வந்திருக்கலாமேம்மா” என்றார்.

ஆபரேஷன் முடிந்து, ஆண்டவன் புண்ணியத்தில் இப்போது நன்றாக நடக்கிறாள். ஆடத்தான் முடியவில்லை. கடைகளில் தொங்குகிற தேயிலைப் பொட்டலத்தில் மட்டும் பேச்சியம்மாள் இன்னும் பாய்ந்துகொண்டிருக்கிறாள்.